முதல் எழுத்து மாறும் மொழி: ஃபுல்ஃபுல்டே அகராதிகள் குறித்து ஒரு மதிப்பீடு

மத்ரஸாவில் ஸர்ஃபு பாடம் தொடங்கியிருந்த காலத்தில், 'தக்வா' என்னும் சொல்லின் பொருளை அகராதியில் காண விரும்பி, 'தா' எழுத்துக்குரிய பக்கங்களைப் புரட்டினோம். சொல் அங்கில்லை. அச்சுப்பிழையோ என ஐயுற்று உஸ்தாத் அவர்களிடம் சென்றோம். அவர்கள் புன்முறுவலுடன் நூலை வாங்கி, ஏறத்தாழ கடைசிப் பக்கங்களைத் திறந்து, 'வாவ்' எழுத்தின் கீழ் அச்சொல்லைக் காட்டினார்கள். வாவ், காஃப், யா என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்த சொல் அது. முதலிலிருந்த வாவ், தாவாக மாறிவிட்டது. 'துராஸ்' என்னும் சொல்லும் அவ்வாறே 'வரிஸ'வின் கீழ் நிற்கிறது. அரபு இலக்கணத்தார் இதனை 'இப்தால்' என்பர்.

வேரை அறிந்தவனுக்கே அகராதி வழிவிடுகிறது. ஆனால் வேரை அறியாதவன்தான் அகராதியை நாடுகிறான். இந்த முரண் அரபு மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் பட்டுணர்ந்தது. எனினும் அரபியில் முதல் எழுத்து இவ்வாறு மாறும் சொற்கள் சிலவே. பெயர்ச்சொற்களிற் பெரும் பகுதி, ஒருமையில் ஓர் எழுத்திலும் பன்மையில் வேறோர் எழுத்திலும் தொடங்கும் ஒரு மொழிக்கு அகராதி தொகுக்க நேர்ந்தால் என்னாகும்? மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுல்ஃபுல்டே அத்தகைய மொழி. அதன் அகராதிகள் இவ்விடரை எதிர்கொண்ட முறைகளை, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத, ஆனால் அரபு அகராதிக் கலையில் ஓரளவு பயின்ற ஒரு வாசகனின் நிலையிலிருந்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மொழியும் மக்களும்

செனகல், கினி முதலாக மாலி, புர்கினா ஃபாஸோ, நைஜர், நைஜீரியா, கேமரூன் வழியாகச் சூடான் வரை பரந்து வாழும் கோடிக்கணக்கான மக்களின் மொழி இது. மேற்கே இதனைப் 'புலார்' என்றும், கிழக்கே 'ஃபுல்ஃபுல்டே' என்றும் வழங்குவர். கால்நடை மேய்ப்பால் பெயர் பெற்ற இம்மக்கள், இஸ்லாமியக் கல்வியாலும் பெயர் பெற்றவர்கள். 1804இல் தொடங்கிய சீர்திருத்தப் போராட்டத்தின் வழியாகச் சொகொட்டோ கிலாஃபத்தை நிறுவிய ஷைகு உஸ்மான் இப்னு ஃபூதி (1754–1817) அரபியில் நூல்கள் இயற்றியதுடன், ஃபுல்ஃபுல்டேயிலும் கவிதை யாத்தவர். அவர்தம் புதல்வி நானா அஸ்மாவு (1793–1864) அரபு, ஃபுல்ஃபுல்டே, ஹவுஸா ஆகிய மும்மொழிகளிலும் பாடல் புனைந்தவர். ஃபூத்தா ஜாலோன் மலைநாட்டில், செர்னோ முஹம்மது ஸம்பா மொம்பேயா, மார்க்கக் கல்வி மக்களின் தாய்மொழியிலேயே சென்றடைய வேண்டும் எனக் கருதி, 'ஓகிர்டே மலால்' என்னும் நெடும்பாடலை இயற்றினார்.

இவை யாவும் அரபு எழுத்தில் எழுதப்பட்டவை. 'அஜமீ' எனப்படும் அவ்வெழுத்து மரபு, நம் முன்னோர் வளர்த்த அரபுத்தமிழுக்கு உடன்பிறப்பு போன்றது. குர்ஆனின் எழுத்தைத் தாய்மொழியின் ஒலிக்கு இசையச் செய்யும் முயற்சி, காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நிகழ்ந்தவாறே நைஜர் ஆற்றங்கரையிலும் நிகழ்ந்தது. ஆதலின் அம்மொழியின் அகராதி பற்றிய கேள்வி நமக்கு முற்றிலும் அயலானதன்று.

மாற்றத்தின் இயல்பு

தமிழில் சொல் மாறும்போது பெரும்பாலும் அதன் கடையே மாறும். மரம் 'மரங்கள்' ஆனாலும் மகரத்தின் கீழேயே நிற்கும். ஃபுல்ஃபுல்டேயில் கடையும் மாறும், முதலும் மாறும். அம்மொழியின் பெயர்கள் இருபதுக்கு மேற்பட்ட வகுப்புகளாகப் பிரிந்துள்ளன. ஒவ்வொரு வகுப்பும் தனக்குரிய விகுதியை ஏற்பதோடு, சொல்லின் முதல் மெய் எந்த நிலையில் நிற்க வேண்டும் என்பதையும் விதிக்கிறது. அந்நிலைகள் மூன்று. அவற்றை மென்னிலை, வன்னிலை, மூக்கொலி நிலை என நாம் பெயரிட்டுக் கொள்ளலாம். நம் எழுத்தில் அவ்வொலிகள் அனைத்தையும் வேறுபடுத்த இயலாது. இக்கட்டுரையில் சொல் முதலில் வரும் டகரத்தை 'தால்' போன்ற குரலொலியாகவும், ஃபகரத்தை அரபு 'ஃபா'வாகவும் வாசகர் கொள்ள வேண்டுகிறோம்.

ரகரம் மென்னிலை, அதன் வன்னிலை டகரம், மூக்கொலி நிலை 'ந்ட'. 'டிமோ' என்றால் சுதந்திரமான, நற்குடிப் பிறந்த ஒருவர். அவர் பலராயின் 'ரிம்பெ'. அக்குடிமையின் பண்பு 'ந்டிமாகு'. ஒரே வேர், அகர வரிசையிலோ மூன்று இடங்கள். அவ்வாறே நாய் 'ரவாந்டு', நாய்கள் 'டவாடி'. தலை 'ஹோரெ', தலைகள் 'கோஎ'. பறவை 'ஸொந்டு', பறவைகள் 'சொல்லி'. கண் 'யிதெரெ', கண்கள் 'கிதெ'. ஆண் 'கொர்கோ', ஆண்கள் 'வொர்பெ'. ஹகரம், ஸகரம், ஃபகரம் ஆகியவற்றுக்கு வன்னிலையும் மூக்கொலி நிலையும் ஒன்றே. லகரம், மகரம், தகரம் முதலானவையும், மூச்சை உள்ளிழுத்து ஒலிக்கும் சிறப்பொலிகளும் எவ்விடத்தும் மாறுவதில்லை.

இதில் மிக வியப்பானது அம்மக்களின் சொந்தப் பெயரே. அவர்களுள் ஒருவர் 'புல்லோ', பலர் 'ஃபுல்பெ'. அவர்கள் மொழி கிழக்கே 'ஃபுல்ஃபுல்டே', மேற்கே 'புலார்'. அவர்களின் ஒழுக்க நெறி 'புலாகு'. தம் அகராதியில் தம் பெயரையே இரண்டு எழுத்துகளின் கீழ்த் தேட வேண்டிய சமுதாயம் அது.

வினைகளிலும் இம்மாற்றம் உண்டு. எழுவாய் பன்மையாயின், வினையின் முதல் மெய் மூக்கொலி நிலைக்குச் செல்லும். 'ஓ வரீ' என்றால் 'அவர் வந்தார்'. 'பெ ங்கரீ' என்றால் 'அவர்கள் வந்தார்கள்'. இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'ஓ வரீ' என்பதற்கு 'அவர் கொன்றார்' என்றும் பொருள். ஆனால் 'அவர்கள் கொன்றார்கள்' என்பது 'பெ ம்பரீ'. ஒருமையில் ஒலியால் ஒன்றாகிவிட்ட இரு வினைகள், பன்மையில் பிரிந்து தத்தம் அடையாளத்தைக் காட்டுகின்றன. காரணம், அம்மொழியின் வகரம் இரு வரிசைகளைச் சேர்ந்தது: ஒன்று 'வ, ப, ம்ப', மற்றொன்று 'வ, க, ங்க'. யகரமும் அவ்வாறே ஜகர வரிசையிலும் ககர வரிசையிலும் சேரும். ஆதலின் 'வர்' என்று மட்டும் எழுதி இரு பொருள்களைத் தரும் அகராதி, பொருளைச் சொன்னதே தவிர சொல்லைச் சொல்லவில்லை. அதனை வைத்து மாணவன் பன்மை வாக்கியம் ஒன்றைக்கூட அமைக்க இயலாது.

'வர்' என்பதற்கு 'வா' என்னும் பொருள் இருப்பது கண்டு, தமிழோடு உறவு கற்பிக்க எவரேனும் விரைவாராயின், அவர்கள் 'ங்கரீ' என்னும் பன்மையையும் காண வேண்டும். அச்சொல்லின் பழைய உருவம் ககர வரிசையைச் சார்ந்தது. நம் 'வரு'வோடு அதற்கு உறவு கூற அந்த ஒலி ஒற்றுமை போதாது.

மூன்று வழிகள்

இம்மொழிக்கு அகராதி தொகுப்பார் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, சொல் மக்கள் நாவில் எவ்வுருவில் வழங்குகிறதோ அவ்வுருவிலேயே வரிசைப்படுத்துவது. பெயரின் ஒருமையைத் தலைச்சொல்லாக்கிப் பன்மையை அருகில் தருவது இதன் எளிய வடிவம். இரண்டாவது, விகுதியையும் மாற்றத்தையும் நீக்கி, மென்னிலையில் நிற்கும் வேரைத் தலைச்சொல்லாக்குவது. மூன்றாவது, வேரையே வன்னிலையில் நிறுத்துவது.

அரபு அகராதி வரலாறும் இத்தகைய தேர்வுகளின் வரலாறே. இமாம் கலீல் இப்னு அஹ்மத், ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில், 'கிதாபுல் ஐன்' நூலை எழுத்தொலி பிறக்கும் இடத்தின் வரிசையில் அமைத்தார். ஜவ்ஹரீயின் 'ஸிஹாஹ்', இப்னு மன்ழூரின் 'லிஸானுல் அரப்' ஆகியவை வேரின் கடை எழுத்தை முதன்மையாகக் கொண்டன. ஸமக்ஷரீ 'அஸாஸுல் பலாகா'வில் வேரின் முதல் எழுத்தைப் பின்பற்றினார். நம் காலத்துக்கு அண்மையில், ஜுப்ரான் மஸ்ஊத் 'அர்ராயித்' அகராதியில் வேரை விட்டுச் சொல்லின் வெளியுருவையே வரிசையாக்கினார். ஒவ்வொரு வரிசைக்குப் பின்னும் ஒரு வாசகர் இருந்தார். கடை எழுத்து வரிசை எதுகை தேடும் புலவருக்குப் பயன்பட்டது. வெளியுரு வரிசை பள்ளி மாணவருக்குப் பயன்படுகிறது. ஆகவே வரிசை என்பது வெறும் ஒழுங்கன்று. நூல் யாருக்காக என்பதன் விடை அது.

இக்கண்ணோட்டத்தில் ஃபுல்ஃபுல்டே நூல்களை நோக்குவோம். ஹென்றி கதேன் 1913–14இல் செனகல் புலாருக்கு இரு பகுதிகளில் நூல் செய்தார். எஃப். டபிள்யூ. டெய்லரின் ஃபுலானி–ஆங்கில அகராதி 1932இல் வெளிவந்தது. டி. டபிள்யூ. ஆர்னாட் 1970இல் வெளியிட்ட இலக்கண நூல், வகுப்புகளும் முதல்மெய் நிலைகளும் இயங்கும் முறையை, நைஜீரியாவின் கொம்பே வழக்கைக் கொண்டு தெளிவாக நிறுவியது. வட கேமரூன் வழக்குக்கு தொமினிக் நுவாய் தொகுத்த அகராதி 1989இல் வந்தது. 1993இல் ஆஸ்பர்ன், டுவையர், டானஹோ மூவரும் மாலியின் மாஸினா வழக்குக்குச் சொற்றொகுதி ஒன்றை வெளியிட்டனர்; வேர் அடிப்படையிலான தொகுப்பு என்பதைத் தலைப்பிலேயே அறிவித்த நூல் அது. 1998இல் கிறிஸ்தியான் செய்தூ, பல வட்டார வழக்குகளின் வினை வேர்களை ஒன்றிணைத்து அகராதி செய்தார்.

வேர் வரிசையின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. டிமோ, ரிம்பெ, ந்டிமாகு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடும்போது, மொழியின் உள்ளமைப்பு கண்முன் விரிகிறது. வட்டார வழக்குகளை இணைப்பதற்கும் வேறு வழி அரிது. கிழக்கே 'வர்' எனத் தொடங்கும் 'வா' என்னும் வினை, செனகல் கரையில் வகரமின்றி 'அர்' எனத் தொடங்குகிறது: 'ஓ அரீ'. வெளியுருவைப் பின்பற்றினால் இவை அகராதியின் இரு முனைகளில் சிதறிக் கிடக்கும். ஆனால் பன்மையில் இரு கரைகளிலும் 'ங்கரீ' என்பதே வழக்கு. ஆகவே பல வழக்குகளையும் ஒன்றாகக் காண விழையும் ஆய்வாளருக்கு வன்னிலையே உறுதியான நங்கூரம். 'கொன்றான்' என்பது பகரத்தின் கீழும், 'வந்தான்' என்பது ககரத்தின் கீழும் குழப்பமின்றிப் பிரியும்.

ஆயினும் 1993ஆம் ஆண்டுத் தொகுப்பின் அமைப்பு நம்மைச் சிந்திக்கவைக்கிறது. வேர்ப் பகுதியைத் தொடர்ந்து, ஆங்கிலத்திலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் ஃபுல்ஃபுல்டேக்குச் செல்லும் பட்டியல்கள் அந்நூலில் உள்ளன. ஆங்கிலமோ பிரெஞ்சோ அறிந்தவர் தாம் அறிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழையலாம். ஃபுல்ஃபுல்டே மட்டும் அறிந்தவரோ, தம் சொல்லை முதலில் வேராகப் பகுத்தாக வேண்டும். மொழிக்கு உரியவருக்கு வாயில் குறுகலாகவும், விருந்தினருக்கு அகலமாகவும் அமைந்த இல்லம் போன்றது இது. தொகுப்பாளர்களின் உழைப்பைக் குறைத்து இதனைக் கூறவில்லை. பல பழைய நூல்களில் சிதறிக் கிடந்தவற்றை ஓரிடத்தில் சேர்த்தது பெரும் பணி. ஆனால் ஆய்வாளரின் கருவியும் மக்களின் அகராதியும் வெவ்வேறு என்பதை மறக்கலாகாது.

வேரின் ஆபத்து

வேர் வரிசைக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு; அது பொருள் பற்றியது. 'டெப்போ' என்றால் பெண். 'ரெவ்பெ' என்றால் பெண்கள். விகுதியை நீக்கினால் எஞ்சுவது 'ரெவ்'. அம்மொழியில் 'ரெவ்' என்னும் வினையும் உண்டு; 'பின்தொடர்தல்' என்பது அதன் பொருள்; மேற்கு வழக்கில் இறைவனை வணங்குதலையும் அது குறிக்கும். இரண்டையும் ஒரே வேரின் கீழ் இட்டால் என்ன நேரும்? பெண் என்பவள் இயல்பிலேயே பின்தொடர்பவள் என்று, ஒலி ஒற்றுமையைச் சான்றாகக் காட்டி ஒருவர் மேடையில் முழங்கக்கூடும். அகராதி அவ்வாறு கூறவில்லை. ஆனால் அதன் பக்க அமைப்பு கூறாமற் கூறிவிடும். இதனைச் சிறிய பிழையெனக் கொள்ள இயலாது. சொற்களின் வேரைக் காட்டி மார்க்கத் தீர்ப்பும் சமூகத் தீர்ப்பும் வழங்கும் பழக்கம் நம்மிடையேயும் இருப்பதை வாசகர் அறிவர்.

இங்கு இப்னு ஃபாரிஸ் (ஹிஜ்ரி 395 / கி.பி. 1004) நமக்கு வழிகாட்டுகிறார். 'மகாயீஸுல் லுகா'வில் ஒவ்வொரு வேரின் மூலப்பொருளையும் ஆராய்ந்த அப்பேரறிஞர், பொருள்கள் ஒன்றில் அடங்காதபோது வலிந்து இணைக்காமல், இவ்வெழுத்துகளுக்கு மூலங்கள் இரண்டு என்றோ, அதற்கு மேலும் உண்டு என்றோ பிரித்துரைத்தார். வேர்களின் ஒற்றுமையை நிறுவுவதற்கென்றே நூல் செய்தவர், ஒற்றுமை இல்லாத இடத்தில் இல்லை என்றார். ஃபுல்ஃபுல்டே அகராதியும் 'ரெவ்' என்பதை எண்ணிட்ட இரு தலைப்புகளாகப் பிரித்தல் வேண்டும். உறவு நிறுவப்படும் வரை பிரிவே நேர்மை.

மொழிநூல் வரலாறு இதற்கு ஒரு பெரும் படிப்பினையையும் தருகிறது. ஜெர்மானிய அறிஞர் கார்ல் மைன்ஹோஃப் 1912இல் ஹாமிய மொழிகள் பற்றி எழுதிய நூலில், ஃபுல்ஃபுல்டேயை அக்குடும்பத்தில் சேர்த்தார். அம்மக்களின் தோற்றமும் மேய்ச்சல் வாழ்வும் பற்றிய இனக் கருத்துகள் அக்கொள்கைக்குத் துணை நின்றன. ஜோசப் கிரீன்பர்க் பிற்காலத்தில் அதனை மறுத்து, இம்மொழி செனகலின் செரெர், வொலொஃப் மொழிகளின் உறவினது என நிறுவினார். செரெர் மொழியிலும் இதே போன்ற முதல்மெய் மாற்றம் உண்டு. மொழிக்கு உள்ளேயே சான்று காத்திருக்க, அறிஞர் வெளியே தேடியதன் விளைவு அப்பிழை.

மாறாத சொற்கள்

மாற்றத்தை எழுதுவது போலவே, மாறாமையை எழுதுவதும் அகராதியின் கடன். 'ஜூல்டோ' என்றால் முஸ்லிம்; 'ஜூல்பெ' என்றால் முஸ்லிம்கள். விதிப்படி பன்மையில் யகரம் வர வேண்டும், வரவில்லை. 'தஃப்தர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்த 'டெஃப்தெரெ' (நூல்), பன்மையில் 'டெஃப்தெ' ஆகிறது. முதல் டகரம் இரண்டிலும் அசையவில்லை. 'முஅத்திப்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்த 'மோடிப்போ' (ஆலிம்) இயல்பாகவே மாறாத மகரத்தில் தொடங்குகிறது. விதியை முன்னுரையில் எழுதிவிட்டு, சொல்லுக்குச் சொல் குறிப்புத் தராத அகராதியைக் கொண்டு பயிலும் மாணவன், முஸ்லிம்களைக் குறிக்க 'யூல்பெ' என ஒரு புதுச்சொல்லைப் படைத்துவிடுவான்.

எழுத்து பற்றியும் ஒரு சொல். 1966இல் பமாகோவில் யுனெஸ்கோ கூட்டிய அறிஞர் கூட்டம், இலத்தீன் எழுத்தில் சிறப்பொலிகளுக்குக் கொக்கியிட்ட எழுத்துகளை வகுக்க வழிகோலியது. சாதாரண பகரமும், உள்ளிழுக்கும் பகரமும் அதனால் தனித்தனி எழுத்துகளாயின. ஒன்று மாறுவது, மற்றது மாறாதது. ஆதலின் இவற்றை ஒரே வரிசையில் கலப்பது பிழை. 1989இல் கினியின் பாரி சகோதரர்கள் இருவர் சிறுவர்களாயிருந்தபோதே உருவாக்கிய 'அத்லம்' எழுத்து, 2016இல் யூனிகோடில் இடம்பெற்றது. அஜமீ, இலத்தீன், அத்லம் என எழுத்து மூன்றாயினும், முதல்மெய் மாறும் இடர் ஒன்றே. எழுத்தை மாற்றி அதனைத் தீர்க்க இயலாது.

நம் முடிவு

ஒரு வழி போதாது என்பதே நம் முடிவு. வழங்கும் உருவம் ஒவ்வொன்றும், அது ஒருமையாயினும் பன்மையாயினும், தன் இடத்தில் தலைச்சொல்லாக நிற்க வேண்டும். 'ரிம்பெ'யைத் தேடுபவர் 'டிமோ காண்க' என்னும் ஒற்றை வரியையேனும் அங்கே காண வேண்டும். விளக்கம் ஓரிடத்தில் மட்டும், ஒருமை, பன்மை, வகுப்பு ஆகியவற்றோடு அமையட்டும். வினைகளுக்கு ஒருமை வடிவோடு பன்மை வடிவும் தவறாமல் தரப்படட்டும். 'வரீ'க்கு அருகில் 'ங்கரீ'யோ 'ம்பரீ'யோ இல்லாத பதிவு முழுமையற்றது. வேர்கள், வன்னிலை வரிசையில், நூலின் இறுதியில் தனிப் பட்டியலாக அமையட்டும். மாறாத சொல்லுக்கு 'மாறாது' என்னும் குறி இருக்கட்டும்.

இதனால் நூல் பெருக்கும் என்பர். உண்மையே. ஆயினும் பத்து ஏடுகள் கூடுவதா, பத்தாயிரம் மாணவர் வெறுங்கையோடு திரும்புவதா என்பதே கேள்வி. கணினி தேடித் தரும் என்றும் கூறுவர். கணினிக்கும் 'ரிம்பெ', 'டிமோ'வின் பன்மை என யாரேனும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். தொகுப்பாளர் செய்யாத பணியைக் கருவி செய்யாது.

அன்று உஸ்தாத் அவர்கள் 'வாவ்' பக்கத்தைத் திருப்பிக் காட்டியபின், நம் அகராதியின் 'தா' பகுதியில், ஓரத்தில், 'தக்வா: வாவில் காண்க' என்று பென்சிலால் எழுதித் தந்தார்கள். பின்னர் அந்நூலைப் பயன்படுத்திய மாணவர் எவரும் அச்சொல்லுக்காக எழுந்து செல்ல நேரவில்லை. அந்த ஒரு வரிக்குப் பெரும் புலமை தேவையில்லை. தேடி வருபவன் எங்கே முதலில் கை வைப்பான் என்னும் அக்கறையே தேவை. அகராதி ஓர் அமானிதம். அதனை உரியவரிடம் ஒப்படைப்பதென்பது, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதே.